மானிட்டர் முதுகில் தொங்கும் கல்யாணங்கள்

கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கும், இரவெல்லாம் உட்கார்ந்து அதை எடிட் செய்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.



ஸ்டூடியோக்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கேமராவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கார்டிலிருந்து டேட்டா இறங்கும்போது அது எந்த ஒயர் வழியாக எங்கே போகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கொஞ்ச காலமாக எந்த எடிட்டிங் அறைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். டவர் சிபியு இருந்த இடத்தில் லேப்டாப். பக்கத்தில் 27 அங்குல மானிட்டர். அதன் முதுகில் இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்க்குகள் ஒயரில் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து வீட்டுக் கல்யாணங்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. 2020 கடைசியில் வந்த எம்1 மேக்புக் ஏரில் டைப்-சி துளை இரண்டே இரண்டு. சார்ஜருக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று என்றால் கணக்கு முடிந்தது. மானிட்டர் பின்னால் நாலு யூஎஸ்பி துளை சும்மா கிடக்கிறது. ஒரே டைப்-சி கேபிளில் படமும் போகும், டேட்டாவும் போகும், லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறும் என்று கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. அப்புறம் யார்தான் அந்தத் துளையை விடுவார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டு, மவுஸ், பென் டேப்லெட், பிரிண்டர் எல்லாம் மானிட்டரிலேயே இருக்கட்டும். முடிந்த வேலையைத் திறந்து பார்க்க மட்டும் செருகும் பழைய டிஸ்க்கும் இருக்கட்டும். ஆனால் இன்று காலை முகூர்த்தத்தின் டேட்டா எந்த டிரைவில் எழுதப்படுகிறதோ, அந்த டிரைவ் லேப்டாப்பில் நேராகச் செருகியிருக்க வேண்டும். அதற்கு வழியே இல்லை என்றால் மானிட்டருக்கு யூபிஎஸ் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால்தான் இந்த மடல்.

முதலில் வேகம். உங்கள் புகார்களில் பாதி இதைப் பற்றியதுதான்: "எஸ்எஸ்டி வாங்கியும் ஸ்லோவா இருக்கு தம்பி, டுப்ளிகேட் தள்ளிவிட்டானா?" பெரும்பாலும் டிரைவ் நல்ல டிரைவ்தான். போகிற வழிதான் குறுகல்.

மானிட்டரில் இருக்கும் யூஎஸ்பி துளைகளுக்குச் சொந்தமாக எந்தச் சக்தியும் கிடையாது. உள்ளே ஒரு ஹப் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஹப்பிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு பாதை வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் சத்தத்தையும் கொண்டுபோகும். யூஎஸ்பி டேட்டாவைக் கொண்டுபோகாது. எச்டிஎம்ஐ மட்டும் மாட்டிவிட்டு "பின்னாடி துளை எதுவும் வேலை செய்யலை" என்று போன் செய்பவர்களுக்கு இதுதான் பதில். மானிட்டர் பெட்டியில் ஒரு முனை சதுரமாக இருக்கும் டைப்-பி கேபிள் ஒன்று வந்திருக்கும். அது இப்போது பரண்மேல் தெர்மாகோலுக்கு நடுவில் இருக்கிறது. எடுத்து வாருங்கள்.

அதைத் தேடச் சோம்பல்பட்டு, பக்கத்தில் கிடந்த பிரிண்டர் கேபிளை மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதுவும் சதுர முனைதான், பொருந்தவும் பொருந்தும், டிரைவும் தெரியும். யூஎஸ்பி 3 வகைச் சதுர முனையின் தலையில் சின்னதாக ஒரு திமில் இருக்கும்; பிரிண்டர் கேபிளில் அது இருக்காது. அந்தத் திமிலில்தான் வேகத்துக்கான கம்பிகள் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் மானிட்டர், டிரைவ், லேப்டாப் மூன்றும் உயர்ந்த ரகமாக இருந்தாலும் பேச்சு யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் நடக்கும். போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிளும் அப்படியே. பார்க்க ஒன்றுபோல இருக்கும். அவற்றில் பல யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே கொண்டவை. சார்ஜ் ஏற்றத்தான் செய்தார்கள்.

யூஎஸ்பி 2.0 வந்தது 2000-ல். விநாடிக்கு 480 மெகாபிட் என்று எழுதியிருப்பார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 60 எம்பி. நிஜத்தில் கையில் கிடைப்பது 35, மிஞ்சினால் 40 எம்பி. 2008-ல் வந்த யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட். அதில் நிஜமாகக் கிடைப்பது 400 எம்பிக்கு மேல். இந்த 5 கிகாபிட்டையே பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். பெட்டியில் "3.2" என்று போட்டிருப்பதைப் பார்த்துப் புது வேகம் என்று மயங்க வேண்டாம். 5 என்று இருக்கிறதா, 10 என்று இருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். இரண்டு நாள் கல்யாணம், மூன்று கேமரா, 500 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். யூஎஸ்பி 2.0 பாதையில் விநாடிக்கு 35 எம்பி என்றால் நாலு மணி நேரம். ஒயரில் தொங்கும் சாதாரண சுழலும் ஹார்ட் டிஸ்க் 110 எம்பி வேகத்தில் எழுதினால் ஒன்றேகால் மணி நேரம். நல்ல எஸ்எஸ்டி, 5 கிகாபிட் பாதை என்றால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்கு கார்டும் ரீடரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இதில் கவனிக்க இரண்டு உண்டு. சுழலும் டிஸ்க்கைப் பொறுத்தவரை மானிட்டரின் 5 கிகாபிட் துளை தாராளம். டிஸ்க்கே அந்த வேகத்தில் கால்வாசிதான் ஓடும். ஆகவே "மானிட்டரில் போட்டால் ஸ்லோ" என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. நஷ்டப்படுவது எஸ்எஸ்டிக்காரர்கள். விநாடிக்கு 1,000 எம்பி என்று காசு கொடுத்து வாங்கிய டிரைவ் 5 கிகாபிட் ஹப்பில் பாதி வேகத்தைக்கூடத் தொடாது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. கார்டு ரீடரும் மானிட்டரில், டிரைவும் மானிட்டரில் என்று வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி போடுகிறீர்கள். டேட்டா கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஏறி, லேப்டாப்பிலிருந்து திரும்ப அதே ஒயரில் டிரைவுக்கு இறங்க வேண்டும். யூஎஸ்பி 3-ல் ஏற ஒரு ஜோடிக் கம்பி, இறங்க ஒரு ஜோடிக் கம்பி என்று தனித்தனியாக இருப்பதால் பெரிய சேதமில்லை. யூஎஸ்பி 2.0-ல் ஒரே ஜோடிதான். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகும். இருக்கிற 35-ம் பாதியாகும். நாலு மணி நேரம் எட்டாகும். ராத்திரி ரிசப்ஷன் முடிந்து வந்து காப்பி போட்டுவிட்டுப் படுத்தால் விடிகாலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கார்டைக் காலி செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள்.

டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதும் இதே கதைதான். 100 மெகாபிட்டில் எடுத்த 4கே வீடியோ விநாடிக்கு 12.5 எம்பி கேட்கும். மூன்று கேமராவை ஒன்றாகப் போட்டு மல்டிகேமில் பார்த்தால் 37.5 எம்பி. யூஎஸ்பி 2.0 மூச்சு வாங்குகிற எல்லை அது. ஒரு கேமரா மட்டும் ஓட்டினால் சரியாக ஓடுகிறது, மூன்றும் சேர்ந்தால் நிற்கிறது என்று சொன்னால், கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படுவதற்கு முன் ஒயரைச் சந்தேகப்படுங்கள். ரேம் போட்டும் தீரவில்லை என்று லேப்டாப்பையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிண்டர் கேபிள் மட்டும் அப்படியே இருந்தது.

கேபிளும் சரி, மானிட்டரும் டைப்-சி, ஆனாலும் 35 எம்பியில் நிற்கிறது என்றால் காரணம் மானிட்டரின் மெனுவுக்குள் இருக்கலாம். டைப்-சி கேபிளுக்குள் வேகமான தடங்கள் நான்கு. படத்தை டிஸ்ப்ளேபோர்ட் முறையில் அனுப்பும்போது நான்கையும் படத்துக்கே கொடுக்கலாம். அல்லது இரண்டு படத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு என்று பிரிக்கலாம். நான்கையும் படம் எடுத்துக்கொண்டால் டேட்டாவுக்கு மிஞ்சுவது ஓரத்தில் தனியாக ஓடும் பழைய யூஎஸ்பி 2.0 ஜோடி மட்டுமே.

4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓட விநாடிக்குச் சுமார் 12.8 கிகாபிட் வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தலைமுறையில் இரண்டு தடம் கொடுப்பது 8.64 மட்டும். போதாது. எனவே அந்தக் காலத்து 4கே மானிட்டரும் லேப்டாப்பும் சேர்ந்தால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: டிரைவ் வேகமா, 60 ஹெர்ட்ஸா? டேட்டாவைத் தேர்ந்தெடுத்தால் படம் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கி மவுஸ் அம்பு இழுத்து இழுத்துப் போகும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இரு பக்கமும் இருந்தால் இரண்டு தடத்திலேயே 12.96 கிடைக்கும்; மயிரிழையில் 4கே 60 உள்ளே நுழைந்துவிடும், டேட்டாவுக்கும் இரண்டு தடம் மிஞ்சும். 2560-க்கு 1440 என்ற அளவில் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தகராறே இல்லை. அதற்கு 6 கிகாபிட்கூடத் தேவையில்லை.

இந்தத் தேர்வைப் பல மானிட்டர்களில் மெனுவில் வைத்திருக்கிறார்கள். டெல் அல்ட்ராஷார்ப் மானிட்டர்கள் சிலவற்றில் 'யூஎஸ்பி-சி பிரையாரிட்டைசேஷன்' என்ற இடத்தில் 'ஹை ரெசல்யூஷன்', 'ஹை டேட்டா ஸ்பீட்' என்று இரண்டு இருக்கும். வேறு கம்பெனிகளில் 'யூஎஸ்பி 2.0 / 3.0' என்றே எழுதியிருப்பதும் உண்டு. மானிட்டரை வாங்கி வைத்த நாளிலிருந்து அந்த மெனுவில் பிரைட்னஸ் தவிர வேறு எதையும் தொடாதவர்கள்தான் நாம்.

விலை குறைந்த மானிட்டரில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் 2011-ல் விற்ற தண்டர்போல்ட் டிஸ்ப்ளேயில் கேபிள் 10 கிகாபிட். முதுகில் இருந்த மூன்று யூஎஸ்பி துளைகளோ யூஎஸ்பி 2.0. 2019-ல் அமெரிக்காவில் 4,999 டாலருக்கு வந்த ப்ரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆரில்கூட, படத்தைச் சுருக்கி அனுப்பத் தெரியாத மேக்கை மாட்டினால் பின்னாலுள்ள துளைகள் யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கிவிடும். 6கே படம் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. பணம் கொடுத்தால் இந்தக் கணக்கு மாறாது.

சோதிக்கப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒரு பெரிய வீடியோ ஃபைலை லேப்டாப்பிலிருந்து டிரைவுக்குக் காப்பி போடுங்கள். வேகம் விநாடிக்கு 35-லிருந்து 40 எம்பிக்குள்ளேயே நின்றால் யூஎஸ்பி 2.0-ல் மாட்டிக்கொண்டீர்கள். அதே டிரைவை லேப்டாப்பில் நேராகச் செருகி மறுபடி பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும். கீபோர்டும் மவுஸும் அதே ஹப்பில் இருப்பதால் டிரைவ் மெதுவாகிறது என்று அவற்றைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. யூஎஸ்பி 3 ஹப்பில் பழைய வேகச் சாதனங்களுக்குத் தனி வழி இருக்கிறது. ஆனால் வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை டிரைவுக்குப் பக்கத்துத் துளையில் வைக்காதீர்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. காப்பி ஓடும்போது மட்டும் மவுஸ் தடுமாறினால் காரணம் இதுதான்.

வேகம் குறைந்தால் நேரம்தான் போகும். உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது கரண்ட்.

சித்திரை வைகாசியில் முகூர்த்தம் அதிகம். கோடை இடிமழை வருவதும், பத்து நிமிடம் கரண்ட் போய் வருவதும் அதே மாதங்களில்தான். டவர் சிபியு காலத்தில் எல்லாருக்கும் யூபிஎஸ் இருந்தது, ஏனென்றால் கரண்ட் போனால் சிபியு அணையும் என்று எல்லாருக்கும் தெரியும். லேப்டாப் வந்ததும் யூபிஎஸ்ஸை விற்றுவிட்டோம். "லேப்டாப்லதான் பேட்டரி இருக்கே!" இருக்கிறது. லேப்டாப்புக்கு இருக்கிறது. மானிட்டருக்கு இல்லை. மானிட்டர் அணைந்தால் அதற்குள் இருக்கும் ஹப் அணையும். ஹப் அணைந்தால் அதில் தொங்கும் டிரைவ், எழுதிக்கொண்டிருக்கும்போதே கையால் பிடுங்கியது போல் போகும். லேப்டாப் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். பேட்டரி உள்ள கம்ப்யூட்டரை வாங்கி, டேட்டாவை மட்டும் பேட்டரி இல்லாத சாதனத்தின் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நொடியில் என்ன நடக்கிறது? நீங்கள் காப்பி போடும் ஃபைல் முழுதும் அப்போதைக்கப்போது டிரைவுக்குப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி லேப்டாப்பின் ரேமில் வரிசையில் நிற்கும். பாதை அறுந்ததும் அந்த வரிசை அனாதை. அது போனாலும் பரவாயில்லை, கார்டில் இருக்கிறது, மறுபடி போடலாம். கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் லேப்டாப் டிரைவில் அவ்வப்போது திருத்தி எழுதிக்கொண்டே இருக்கும். திருத்தும் நேரத்தில் கரண்ட் போனால் பட்டியலே அரைகுறையாகும். அப்போது இன்றைய கல்யாணம் மட்டுமல்ல, அதே டிஸ்க்கில் போன மாதம் போட்டு வைத்த கல்யாணமும் கண்ணில் தெரியாமல் போகலாம்.

நம் தொழிலில் இது இன்னும் மோசமாவதற்கு ஒரு காரணம் உண்டு. எடிட்டரிடம் மேக், ஆல்பம் டிசைனரிடம் விண்டோஸ். இரண்டிலும் திறக்க வேண்டும் என்பதற்காக டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து வைத்திருக்கிறோம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பட்டியலைத் திருத்துவதற்கு முன் "இதைச் செய்யப் போகிறேன்" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் அறுந்தால் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். மேக்கின் ஏபிஎஃப்எஸ் பழையதன்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகு மாறும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. இருப்பதிலேயே பலவீனமான முறையில் ஃபார்மட் செய்த டிரைவை, இருப்பதிலேயே எளிதில் அறுந்துபோகும் துளையில் செருகி வைத்திருக்கிறோம்.

"விண்டோஸ்ல இப்பல்லாம் எஜெக்ட் பண்ணவே வேண்டாமாமே" என்று கேட்கிறீர்கள். 2018-ல் வந்த 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு 'க்விக் ரிமூவல்' என்பதுதான் இயல்பு அமைப்பு, உண்மை. காப்பி முடிந்து டிரைவ் சும்மா இருக்கும்போது பிடுங்கினால் பாதகமில்லை என்பதுதான் அதன் பொருள். ஓடும்போது பிடுங்கலாம் என்பதல்ல. எஜெக்ட் செய்தே எடுங்கள், இரண்டு நொடிதான்.

சுழலும் டிஸ்க்குக்குக் கூடுதலாக ஒரு அடி. கரண்ட் திடீரென்று போனால், தட்டின் மேல் மிதந்துகொண்டிருக்கும் தலை, தட்டு சுழலும் மிச்ச வேகத்திலிருந்து சக்தி எடுத்துக்கொண்டு அவசரமாக ஒதுங்கும். அதற்கான ஏற்பாடு டிஸ்க்கிலேயே உண்டு. ஆனால் நிதானமாக ஒதுங்குவதைத் தாங்கும் அளவுக்கு அவசர ஒதுங்கலை அது தாங்காது. தினம் இரண்டு முறை என்றால் டிஸ்க்கின் ஆயுளை நீங்களே குறைக்கிறீர்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு: வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் மாறுவதற்கு ஒரு இமைப்பொழுது எடுத்துக்கொள்ளும். மின்விசிறிக்கு அது தெரியாது. சில மானிட்டர்கள் அந்த இமைப்பொழுதில் அணைந்து எழும். டிரைவுக்கு அது போதும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யூபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும். தள்ளிவிட்டு, வெற்று டிரைவ் ஒன்றை மானிட்டரில் செருகி, மெயினை நீங்களே அணைத்துப் பாருங்கள். டிரைவ் அறுந்து மறுபடி வருகிறதா என்று லேப்டாப் சொல்லிவிடும்.

யூபிஎஸ் வாங்குவதென்றால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ போதும். அதில் பெரும்பாலானவை 360 வாட் வரை தாங்கும். மானிட்டர் தனக்கு ஐம்பது வாட் எடுத்தாலும், டைப்-சி வழியாக லேப்டாப்புக்கு 65-ஓ 90-ஓ வாட் சார்ஜ் கொடுக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். சில நிமிடம் ஓடினால் போதும். காப்பியை நிறுத்தி, டிரைவை எஜெக்ட் செய்ய அவகாசம் கிடைக்கும். வேறெதற்கும் அந்த யூபிஎஸ் வேண்டாம்.

கரண்ட் போகாமலும் இதே விபத்து நடக்கும். ராத்திரி காப்பி போட்டுவிட்டு, "வெளிச்சம் எதுக்கு" என்று மானிட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். பல மானிட்டர்களில் சுவிட்சோடு ஹப்பும் அணையும். நீங்கள் அணைக்காவிட்டாலும், கொஞ்ச நேரம் யாரும் மவுஸைத் தொடாவிட்டால் லேப்டாப் திரையை அணைக்கும். படம் வராததால் மானிட்டர் தூங்கும். சில மானிட்டர்கள் தூங்கும்போது யூஎஸ்பியையும் துண்டிக்கும். காலையில் மேக் 'டிஸ்க் நாட் எஜெக்டட் ப்ராப்பர்லி' என்று எழுதி வைத்திருக்கும், பிரீமியரில் எல்லா கிளிப்பும் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவந்து கிடக்கும். மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்' இருந்தால் அணையுங்கள். ஸ்டாண்ட்பையில் யூஎஸ்பி இயங்கலாமா என்று கேட்கும் இடம் இருந்தால் ஆம் என்று வையுங்கள். இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே கீபோர்டு மவுஸ் என்று கேவிஎம் பொத்தான் உள்ள மானிட்டர் வாங்கியவர்கள் இன்னும் ஜாக்கிரதை: அந்தப் பொத்தானை அழுத்தினால் கீபோர்டோடு டிரைவும் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவும். காப்பி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அது கேட்காது.

மானிட்டரின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. அதன் ஹப்புக்குச் சுவரிலிருந்து சொந்தமாகக் கரண்ட் வருகிறது. லேப்டாப்பில் செருகும் நூறு ரூபாய் ஹப்பைவிட அது ஆயிரம் மடங்கு மேல். யூஎஸ்பி 3 துளை 900 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும், யூஎஸ்பி 2.0 துளை 500. சுழலும் டிஸ்க் எழுந்து வேகம் பிடிக்கும் நேரத்தில் 500-ஐத் தாண்டிக் கேட்பது உண்டு. டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு எழுவதும் விழுவதுமாக இருந்தால், உடனே "டிஸ்க் போச்சு" என்று ரெக்கவரிக்காரரிடம் ஓடாதீர்கள். குட்டையான வேறு கேபிள் போட்டு, லேப்டாப்பில் நேராகச் செருகிப் பாருங்கள். பசியில் கத்திய டிஸ்க்குகளும் உண்டு. அதற்குப் பிறகும் கத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓட ஓடச் சேதம் கூடும்.

அப்படியென்றால் மேஜையை எப்படி அமைப்பது? லேப்டாப்பில் இரண்டே துளை என்றால் ஒன்று மானிட்டருக்கு. படமும் சார்ஜும் அதில் வந்துவிடும். மற்றது எழுதும் டிரைவுக்கு. அந்தத் துளையில் கார்டு ரீடரையும் சேர்க்க வேண்டுமென்று ஹப்புக்குப் போகாதீர்கள். ரீடரை மானிட்டரில் செருகுங்கள். கார்டிலிருந்து படிக்க மட்டும்தான் செய்கிறோம். நடுவில் கரண்ட் போனாலும் கார்டில் இருப்பது அப்படியே இருக்கும், காப்பி நின்றுபோகும், அவ்வளவே. எழுதும் பக்கம் லேப்டாப் பேட்டரியில், படிக்கும் பக்கம் மானிட்டரில். யூபிஎஸ் வாங்க இப்போது முடியாதவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் போதும். செலவு ஒரு பைசா இல்லை.

காப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும் கார்டை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். தாலி கட்டும் கிளிப்பையாவது திறந்து நடுவில் ஓட்டிப் பாருங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அதைப் பரப்பிய பீட்டர் க்ரோக் ஒரு ஒளிப்படக்காரர்தான். நம் தொழில்காரர் சொன்னதை பேங்க்காரர்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் பின்பற்றுகிறார்கள். நாம்தான் ஒரே டிஸ்க்கை நம்பிக்கொண்டு இருக்கிறோம். இரண்டாவது பிரதியையும் அதே மானிட்டரில் தொங்கும் இன்னொரு டிஸ்க்கில் எடுத்தால் அது இரண்டாவது ஆகாது. ஒரே கரண்ட் வெட்டு இரண்டையும் ஒன்றாக அடிக்கும். ஒன்றை எழுதி, கழற்றி, பீரோவில் வைத்துவிட்டு அடுத்ததைச் செருகுங்கள்.

கல்யாண வீட்டார் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம். முகூர்த்தத்தைத் திருப்பி நடத்தச் சொல்ல முடியாது. அட்வான்ஸ் வாங்கும்போது நாம் கொடுக்கும் வாக்கு அந்த டேட்டாவைப் பற்றியதும்தான்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆல்பம் பாக்கிகளைத் தீர்க்கும் அந்த மாதத்தில் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள். பரண்மேல் இருக்கும் மானிட்டர் பெட்டியைத் திறந்து கேபிளை எடுங்கள், பிரிண்டர் கேபிளைப் பிரிண்டருக்கே கொடுங்கள், மானிட்டர் மெனுவில் டேட்டா வேகம், ஸ்லீப் ஆகிய இரண்டு இடங்களைப் பாருங்கள், வெற்று டிரைவை வைத்து மெயினை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன் எழுதும் டிரைவ் லேப்டாப்புக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டம்காரன்